சொல்லுக்கு வழிவிடும் கருவிகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகள் இடைவிடாது கூடிக் கவிதை படித்தும் கேட்டும் வந்திருக்கும் அவை இது. இவ்வவையில் 'மொழி வகுப்பில் துணைக்கருவிகளின் தேர்வும் பயன்பாடும்' என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்தபோது, கவிஞர்கள் நடுவே கல்வியியல் எதற்கு என்று சிலர் எண்ணியிருக்கக்கூடும். நம்மில் பெரும்பாலோர் கவிதையை முதன்முதலில் சந்தித்த இடம் வகுப்பறை. அங்கே அது எவ்வாறு அறிமுகமாகிறது என்பதைப் பொறுத்தே ஒரு மாணவர் பின்னாளில் உங்கள் நூலைத் தேடி வருவதும் வாராதிருப்பதும் அமைகின்றன. எனவே இப்பொருள் ஆசிரியர்க்கு உரியது போலவே உங்களுக்கும் உரியது என்னும் துணிவில் சில கருத்துகளை முன்வைக்கின்றேன்.

நன்னூலார் காட்டிய பன்னாடை

துணைக்கருவி என்றவுடன் படவீழ்த்தி, கணினி, திறன்பலகை முதலியன நம் நினைவுக்கு வருகின்றன. கற்பிப்பவர் தம் கருத்தை மாணவர் உள்ளத்தில் சேர்ப்பதற்குத் துணையாகக் கொள்ளும் எப்பொருளும் துணைக்கருவியே ஆகும். திண்ணைப் பள்ளியில் பரப்பிய மணல் ஒரு கருவி. அதில் விரலால் எழுதியபோது எழுத்தின் வடிவம் கண்ணோடு விரலுக்கும் பழகிற்று. பிழை நேர்ந்தால் ஒரு தடவலில் மறைந்தது. செலவில்லாத அக்கருவிக்கு இணையானது இன்றும் அரிது.

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்கினார். மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டாகக் கண்டு முத்திறமாக வகுத்தார். இவை யாவும் அக்கால மாணவர் நாள்தோறும் கண்ட பொருள்கள். காட்டவேண்டிய பொருளைச் சொல்லாலேயே காட்டியமையால், உவமையே தமிழாசிரியரின் முதல் துணைக்கருவி எனலாம்.

ஆனால் பொருள் வழக்கொழிந்தால் உவமையும் மங்கிப்போகிறது. நெய்யரி என்பது பன்னாடை. தென்னை, பனை ஆகியவற்றின் மட்டையடியில் வலைபோலச் சுற்றியிருப்பது. அதன்வழி நெய்யை வடித்தால் நெய் இறங்கிவிடும்; கசடு தங்கிவிடும். நல்லதைப் போகவிட்டு அல்லதைப் பிடித்துக்கொள்ளும் மாணாக்கர்க்கு அஃது உவமையாயிற்று. இன்றைய மாணவர் பலர்க்குப் பன்னாடை என்பது வசைச்சொல்லாக மட்டுமே தெரியும். இப்பாடம் வரும் நாளில் ஒரு பன்னாடையையும் உமி கலந்த நீரையும் வகுப்புக்கு எடுத்துச் செல்வது என் வழக்கம். ஒரு மாணவர் பிடிக்க, மற்றொருவர் ஊற்றுவார். நீர் இறங்கி உமி தங்கியவுடன் வகுப்பில் சிரிப்பு எழும். அவர்கள் நாள்தோறும் கேட்கும் வசைச்சொல்லுக்குள் எழுநூறு, எண்ணூறு ஆண்டுப் பழமையுடைய உவமை ஒன்று உறங்குவதை அக்கணத்தில் உணர்கிறார்கள்.

இங்கே பன்னாடை செய்த வேலையைக் கருதிப் பாருங்கள். ஒளி குன்றிய ஒரு சொல்லுக்கு அஃது ஒளி ஊட்டியது; பின்பு விலகிக்கொண்டது. மொழி வகுப்பின் துணைக்கருவிகள் அனைத்திற்கும் இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

கூம்பின் உச்சியில் உள்ள சொல்

அமெரிக்கக் கல்வியாளர் எட்கார் டேல் 1946இல் வெளியிட்ட தம் நூலில் 'அனுபவக் கூம்பு' என்னும் வரைபடத்தை அமைத்தார். நேரடி அனுபவம் அகன்ற அடிப்பகுதியில் இருக்கும். நடிப்பு, களப்பயணம், காட்சிப்பொருள், திரைப்படம் எனப் படிப்படியாக மேலே சென்றால் கூர்மையான உச்சியில் சொல் இருக்கும். கல்வியியல் பயின்றோர் அனைவரும் இதனை அறிவர். படிப்பதில் இத்தனை விழுக்காடு நினைவில் நிற்கும், பார்ப்பதில் இத்தனை விழுக்காடு நிற்கும் என்றொரு கணக்கும் இக்கூம்போடு சேர்த்து எழுதப்படுவதுண்டு. டேல் அத்தகைய விழுக்காடு எதனையும் தரவில்லை. அவை பிற்காலத்தார் ஒட்டியவை. தம் அடுக்குகளை இறுகிய தரவரிசையாகக் கொள்ளவேண்டாம் என்றும் அவர் எச்சரித்துள்ளார்.

அவ்வெச்சரிக்கையைக் கருதாமல் கூம்பைத் தமிழ் வகுப்பில் பொருத்தினால் இடர் நேர்கிறது. உயிரியல் வகுப்பில் 'இதயம்' என்னும் சொல் ஓர் உறுப்பின் பெயர். மாதிரி உருவத்தை மேசைமீது வைத்து அறைகளைத் திறந்து காட்டினால் சொல்லின் பணி பெரும்பாலும் நிறைவுறும். தமிழ் வகுப்பிலோ நெஞ்சு, உள்ளம், மனம், அகம் என்னும் சொற்களிடையே உள்ள வேறுபாடே பாடம். தலைவி தன் நெஞ்சோடு பேசுகிறாள். அவ்விடத்தில் மனம் என்னும் சொல்லைப் பெய்தால் என்ன குறைகிறது? இதனை எந்தப் படம் காட்டும்? பிற பாடங்களில் சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்லக் கருவி உதவுகிறது. நம் பாடத்திலோ பொருளைக் கண்டவர் மீண்டும் சொல்லுக்கு வந்து சேர வேண்டும்.

இவ்வுண்மையைக் கொமேனியசு என்னும் கல்வியாளர் நன்கு அறிந்திருந்தார். 1658இல் நூரம்பர்க் நகரில் வெளியான அவருடைய படநூல், சிறுவர்க்கென எழுந்த படநூல்களின் முன்னோடியாகப் போற்றப்படுகிறது. இலத்தீனும் ஜெர்மனும் கற்பிக்க எழுந்த அந்நூலில் படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள் இடப்பட்டுள்ளன; அதே எண்கள் அருகிலுள்ள உரையில் உரிய சொற்களோடு நிற்கின்றன. படத்தைப் பார்த்த கண் எண்ணைப் பற்றிக்கொண்டு சொல்லுக்குத் திரும்பிவிடும். பல வண்ணப் படங்களை அடுக்கும் இன்றைய வகுப்புகளில் இல்லாதது அந்த எண்தான்.

நாவுக்கு ஒரு கண்ணாடி

இனி, சில கருவிகளை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றேன். முதலாவது ஒலிப்பு. லகர, ளகர, ழகர வேறுபாட்டுக்காக 'வலி, வளி, வழி' என்று அட்டையில் எழுதி மாட்டுவோர் உண்டு. எழுத்து வேறுபாட்டை அவ்வட்டை காட்டும். ஒலி வேறுபாட்டைக் காட்டாது. தொல்காப்பியர் பிறப்பியலில் நாவின் தொழிலைக் கண்டு சொல்கிறார். லகரத்துக்கு நாவின் விளிம்பு ஒற்றுகிறது, ளகரத்துக்கு வருடுகிறது, ழகரத்துக்கு நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடுகிறது. ஒற்றுதல், வருடுதல் என்னும் இரு வினைகளில் பாடம் அடங்கிவிட்டது.

இதற்கு வேண்டிய கருவி கைக்கண்ணாடி. மாணவர் தம் வாயைத் தாமே பார்த்தவாறு லகரத்தை ஒலித்தால் நா பல்லின் அடியைத் தொடுவது தெரியும். ழகரத்தில் நா உள்நோக்கி வளைந்து மறைந்துவிடும். அங்கே கண்ணாடி உதவாது, கைகள் உதவும். இடக்கையைக் கவிழ்த்துக் குவித்தால் அண்ணம். அதன்கீழ் வலக்கை விரல்களை வளைத்து வருடினால் நாவின் தொழில் விளங்கும். சில நாள்களில் கையசைவைக் கண்ட அளவிலேயே மாணவர் திருத்திக்கொள்வர். பின்பு அவ்வசைவும் வேண்டியதில்லை.

கபிலரும் காந்தளும்

இரண்டாவது, சங்க இலக்கியம். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்துவதற்காகக் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்று பழங்குறிப்பு கூறுகிறது. அங்ஙனமாயின் 261 அடிகள் கொண்ட அப்பாட்டே பிறமொழியாளர்க்குத் தமிழ் கற்பிக்க எழுந்த துணைக்கருவி ஆகிறது. இலக்கண விதிகளை அடுக்காமல் மலையையும் அருவியையும் பூக்களையும் ஒரு காதலையும் கொண்டு அவர் தமிழை உணர்த்தினார்.

அதில் வரும் பூக்கள் 99 என்பர். அத்தனை பூக்களின் படங்களையும் திரட்டி ஒன்றன்பின் ஒன்றாகத் திரையிடலாம். உழைப்பு பாராட்டத்தக்கதே. ஆயினும் பாட்டில் அப்பெயர்கள் வரும் விரைவைக் கேளுங்கள். மகளிர் மலைச்சாரலில் ஓடியோடிப் பறித்துப் பாறைமீது குவிக்கும் களிப்பு அவ்விரைவில் இருக்கிறது. பெயருக்கு ஒரு படம் என நிறுத்தினால் தாவரவியல் கிடைக்கும், களிப்பு போய்விடும்.

எனவே நான் ஒரு பூவை மட்டும் தேர்கின்றேன். அப்பட்டியலின் முதற்கண் நிற்கும் செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். கண்வலிக்கிழங்கு என்று மக்கள் வழங்குவதும், ஈழத்தில் கார்த்திகைப்பூ எனப்படுவதும் இதுவே. தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் விதைக்காகப் பயிரிடுகின்றனர். மழைக்காலத்தில் வேலிகளிலும் பூக்கும். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. ஆகவே பூவை மட்டும் கொணர்தல் வேண்டும், எப்பகுதியையும் வாயில் வைத்தல் ஆகாது என்பதை மாணவர்க்கு முன்னரே சொல்லிவிட வேண்டும்.

முதலில் பாடலைப் படிப்போம். மகளிர் விரலுக்குக் காந்தளைப் புலவர் ஏன் உவமையாக்கினர் என்று கேட்பேன். நிறத்தால், மென்மையால் எனப் பொதுவான விடைகள் வரும். அதன்பின் பூவைக் கையில் தருவேன். இதழ்கள் பின்னோக்கி மடங்கி மேலே எழுந்து நிற்பதையும், பசுமை கலந்த மஞ்சளாக விரிந்து நாளடைவில் செந்நிறம் கொள்வதையும் காண்பார்கள். ஒருவர் விரல் என்பார். ஒருவர் தீ என்பார். அந்நிலையில் பூவை வாங்கி வைத்துவிட்டுப் பாடலை மறுமுறை படிப்போம். இரண்டு வாசிப்புகளுக்கு இடையே கருவி வரவேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் முறை. முதல் வாசிப்பில் மாணவர் தாமே கற்பனை செய்கிறார். இரண்டாம் வாசிப்பில் அக்கற்பனை திருத்தம் பெறுகிறது. பாடலுக்கு முன்பே படத்தைக் காட்டிவிட்டால் கற்பனைக்கு வேலையே இல்லாமற் போகிறது.

புள்ளி இல்லாத ஓலை

மூன்றாவது, பனையோலை. பாடவேறுபாடு என்பதைப் பட்ட வகுப்பில் விளக்குவது கடினம். ஒரே பாடலுக்கு இரு வடிவம் எப்படி வந்தது என்று மாணவர் மயங்குவர். ஓர் ஓலை நறுக்கையும் கூரிய ஆணியையும் தந்து எழுதச் சொன்னால் மயக்கம் தீர்கிறது. புள்ளியை அழுத்திக் குத்தினால் ஓலையில் துளை விழுகிறது. ஏடு எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் ஏடுகளில் தெளிவாக இராது. அவ்வேறுபாட்டுக்கு இன்றுள்ள வடிவம் அமைந்தது வீரமாமுனிவர் (1680-1747) செய்த சீர்திருத்தத்தால் என்பதை நாம் அறிவோம்.

இப்போது புள்ளியின்றி ஒரு சொல்லை எழுதித் தருவேன்: 'கலவி'. அது கலவியா, கல்வியா? வகுப்பு சிரித்து ஓயட்டும். அடுத்து 'எரி' என்று எழுதுவேன். அது நெருப்பா, நீர் நிறைந்த ஏரியா? ஓர் ஏட்டில் 'எரி சூழ்ந்த ஊர்' என்றிருந்தால் அவ்வூர் அழிந்ததா, செழித்ததா? முன்னும் பின்னும் உள்ள அடிகளைப் படித்தாலன்றித் துணிய முடியாது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் எத்தகைய உழைப்பை மேற்கொண்டார் என்பதை மாணவர் தம் விரல்நுனியால் உணர்வர்.

வெண்பா அட்டைகள்

நான்காவது, யாப்பு. இங்குள்ள மரபுக் கவிஞர்கள் இதனைக் கருணையோடு கேட்க வேண்டுகிறேன். வெண்டளையைக் கற்பிக்கப் பழைய நாள்காட்டி அட்டைகளை வெட்டிச் சீரட்டைகள் செய்துள்ளோம். நேரசையில் தொடங்கும் சீரின் இடப்புறம் கூர்முனையாகவும், நிரையசையில் தொடங்கும் சீரின் இடப்புறம் வட்டமுனையாகவும் இருக்கும். மாச்சீரின் வலப்புறத்தில் வட்டக்குழி. விளச்சீர், காய்ச்சீர் ஆகியவற்றின் வலப்புறத்தில் கூர்க்குழி. மாமுன் நிரையும், விளமுன் நேரும், காய்முன் நேரும் மட்டுமே பொருந்தும். தளை தட்டினால் அட்டை தட்டும். நாள், மலர், காசு, பிறப்பு என்னும் ஈற்று அட்டைகளின் வலப்புறம் குழியின்றி நேராக இருக்கும்; அவற்றின்பின் எதுவும் வாராது. ஏழு அட்டைகள் சேர்ந்தால் குறள் வெண்பாவின் சட்டகம் ஆயத்தம்.

மாணவர் இதனை விளையாட்டாகவே கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அட்டையால் விளைவது தளை வழுவாத வெண்பா; அது கவிதை ஆகிவிடுவதில்லை என்பதை இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. மூன்றாம் வாரம் அட்டைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன். மேசையில் தட்டிச் சொல்ல வேண்டும். காதால் தளை தேர வேண்டும். காது பழகாத மாணவர்க்கு அட்டை ஊன்றுகோலாகவே தங்கிவிடும்.

படம் சொல்லானபோது

என் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் பயின்றார். தமிழிலக்கியத்தைப் பாடமாகத் தேர்ந்து வரும் பார்வையற்ற மாணவர்கள் நம் கல்லூரிகளில் பலர் உள்ளனர். ஒருநாள் பாலை நிலத்தின் படம் ஒன்று திரையில் இருந்தது. அவர் எழுந்து, "அம்மா, எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள். திரையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அவர்க்கு எடுத்துச் சொல்லுமாறு வகுப்பைப் பணித்தேன். ஒருவர் "வறண்ட இடம்" என்றார். "எப்படி வறண்டிருக்கிறது?" என்று அவர் கேட்டார். "வெடித்திருக்கிறது." "எதைப்போல வெடித்திருக்கிறது?" வகுப்பு சிறிது நேரம் தயங்கியது. பின்னிருக்கையிலிருந்து ஒரு மாணவி, "எங்கள் பாட்டியின் குதிகால் போல" என்றாள். அம்மாணவர் முகம் மலர்ந்து, "இப்போது தெரிகிறது" என்றார்.

அந்த உவமையை அவ்வகுப்பில் எவரும் அதுவரை எழுதியதில்லை. கண்ணுள்ளவர்கள் மட்டும் பார்த்திருந்தால் அப்படம் வெறும் படமாகவே போயிருக்கும். பார்க்க இயலாத ஒருவர்க்குச் சொல்லவேண்டிய கடமை வந்தவுடன் மொழி பிறந்தது. அன்று முதல் என் வகுப்பில் ஒரு விதி உண்டு. திரையில் எது வந்தாலும் ஒருவர் அதனைச் சொல்லால் எடுத்துரைத்த பின்னரே அடுத்ததற்குச் செல்வோம். கவிஞர்களே, உங்கள் தொழிலும் இதுவன்றோ? காணாதவர்க்குக் காட்டுவதற்காகத்தானே நீங்கள் எழுதுகிறீர்கள்?

இன்றைய கருவிகள்

2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் இடம்பெற்றன. கைப்பேசியை அதன்மேல் காட்டினால் காணொளி விரிகிறது. திறன்பலகைகள் பல பள்ளிகளுக்கு வந்துள்ளன. இவற்றை வெறுப்பதற்கில்லை. மலையையே காணாத கடற்கரை மாணவர்க்குக் குறிஞ்சி நிலத்தையும், கடலைக் காணாத மாணவர்க்கு நெய்தல் நிலத்தையும் இவை காட்டுகின்றன. ஆனால் திரையில் தோன்றிய நான்கு வரிகளே அறுபது விடைத்தாள்களிலும் எழுத்து மாறாமல் வந்து நிற்பதையும் ஆண்டுதோறும் காண்கின்றேன். அவ்விடைகளில் பிழை இல்லை, மாணவரும் இல்லை. மாணவர் செய்யவேண்டிய சொற்றேர்வைக் கருவியே செய்துவிட்டதன் விளைவு இது.

ஆகவே ஒரு கருவியைத் தேர்வதற்கு முன் ஐந்து வினாக்களை எழுப்பிக்கொள்வது நலம்.

1. இப்பாடத்தில் மாணவர்க்குத் தடையாக இருப்பது எது? ஒலியா, பொருளா, வடிவா, சூழலா? தடை இல்லாத இடத்தில் கருவி எதற்கு?

2. எளிதில் கிடைக்கும் பொருளால் இது கைகூடுமா? மின்சாரம் நின்றாலும் பாடம் நடக்குமா?

3. கடைசி இருக்கையில் உள்ளவர்க்கும், காண இயலாதவர்க்கும், கேட்க இயலாதவர்க்கும் இதில் பங்கு உண்டா?

4. இக்கருவியைக் கண்டபின் மாணவர் பேசுவாரா, எழுதுவாரா? அல்லது வாளா இருப்பாரா?

5. இதனை எப்போது எடுத்துவைக்கப் போகிறோம்? எடுத்தபின் சொல் நிற்குமா?

ஐந்தாம் வினாவுக்கு விடை தெரியாத கருவியை நான் வகுப்புக்குள் கொண்டுசெல்வதில்லை.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்

நிறைவாக ஒன்று. கவிதை வகுப்பின் மிகச் சிறந்த துணைக்கருவி மனிதக் குரல். இசையமைத்த பாடலில் மெட்டு நினைவில் நின்று சொல் நழுவுவதுண்டு. பாரதியார் பாடல்களைத் திரையிசையில் பாடத் தெரிந்த மாணவர், மெட்டை நீக்கிப் படிக்கச் சொன்னால் தடுமாறுகிறார். எனவே இசையோ பின்னணி ஓசையோ இன்றி, எங்கே நிறுத்துவீர்களோ அங்கே நிறுத்தி, உங்கள் கவிதைகளை நீங்களே படித்துப் பதிவு செய்து தாருங்கள். ஒவ்வொருவரும் ஐந்து கவிதைகள் தந்தால் போதும், செலவு மிகுதியில்லை. மாணவர் முதலில் தாமே வாய்விட்டுப் படிப்பர். பின் உங்கள் குரலைக் கேட்பர். தாம் நிறுத்திய இடமும் நீங்கள் நிறுத்திய இடமும் ஏன் வேறுபட்டன என்று வாதிடுவர். அவ்வாதமே கவிதைப் பாடம்.

வாய்ப்புள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறை அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு நேரிலும் செல்லுங்கள். பாடநூலில் வருபவர்கள் எல்லாரும் மறைந்தவர்கள் என்று எண்ணியிருக்கும் சிறுவர்க்கு, எழுதியவரே எதிரில் நின்று தம் சொல்லை ஒலிப்பதைவிடச் சிறந்த காட்சிப்பொருள் வேறு உண்டோ? பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம் இப்பணியைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன்.